ராக்கெட்டின் மூக்கைப் பொருத்தியது நான்

தண்ணீர் குடித்துச் செத்துப்போன மூன்று இன்ஜின்களைப் பிரித்து, நல்லதை மட்டும் பொறுக்கி, ஓடுகிற ஒரு இன்ஜினைக் கட்டியவன் நான். இனி விறகுக்குத்தான் ஆகும் என்று காசிமேட்டுக் கரையில் கிடத்திவிட்ட விசைப்படகுக்குப் புது ஷாஃப்ட் போட்டுக் கடலுக்கு அனுப்பியவன் நான். அந்தப் படகு இன்றைக்கும் போய்வருகிறது, மீனோடுதான் வருகிறது. ஐஸ் உடைக்கிற மெஷினை வெளியூரிலிருந்து வரவழைத்தால்தான் உண்டு என்று எல்லோரும் சொன்ன காலத்தில், பழைய லாரியின் பல்சக்கரத்தை வைத்து ஒன்று செய்தேன். சத்தம் கொஞ்சம் கூடுதல், ஆனால் ஐஸ் பொடிப்பொடியாக விழும். நான்கு மூங்கிலும் ஒரு தார்ப்பாயும் இருந்த இடத்தில் பட்டறை எழுப்பினேன். ராயபுரத்தில் மாடி வீடு கட்டினேன். மாடிப்படிக்கு அளவு சொல்ல வந்த இன்ஜினியரைக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, நானே நின்று கட்டவைத்தேன். அதில் ஒரே ஒரு படி மட்டும் மற்றதைவிட உயரம். வீட்டு ஆட்களுக்குக் கால் பழகிவிட்டது. விருந்தாளிகள்தான் தடுக்குவார்கள். அது அவர்கள் பார்த்து நடக்காத குற்றம்.

இவ்வளவும் மூன்றாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு. அதிலும் பாதி வருடம் பள்ளிக்கூடம் போவதாகச் சொல்லிவிட்டுக் கரைக்குத்தான் போனேன்.

இந்த வரிசையின் கடைசியில் "ஒரு ராக்கெட்டும் விட்டிருக்கிறேன்" என்று சொல்லும்போது மட்டும் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். பட்டறையில் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று சொன்னேன், அங்கேயும் சிரித்தார்கள். வீட்டில் என் மனைவி சிரிப்பதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை, அவள் எதற்கும் சிரிப்பாள். பேசினால் ஆளாளுக்குக் குறுக்கே விழுகிறார்கள் என்பதால் எழுதிவைக்கிறேன். எழுத்துக்குக் குறுக்கே யாரும் பேச முடியாது.

தீபாவளிக்குக் குப்பியில் செருகி விடுகிற ராக்கெட்டைச் சொல்லவில்லை. இது என் முழங்கை நீளத்துக்கு மேல் இருக்கும். காகிதக் குழாய், அடியில் இறக்கைகள், உள்ளே மோட்டார், தலையில் கூர்மையாக ஒரு மூடி, மூடிக்குக் கீழே மடித்து வைத்த பாராசூட். மேலே போனதும் உள்ளே இருக்கிற மருந்து மேல்வாக்கில் ஒரு முறை வெடித்து, மூடியைத் தள்ளிவிடும். பாராசூட் வெளியே வந்து விரியும். ராக்கெட் அலுங்காமல் இறங்கும். அந்த மூடிக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் உண்டு. நான் மூக்கு என்றுதான் சொல்வேன். பார்க்க அப்படித்தான் இருக்கும்.

இதைக் கட்டியவள் என் மருமகள். அதை நான் மறுக்கவில்லை, எங்கேயும் மறுத்ததும் இல்லை. அவள் அறிவியல் டீச்சர். மாதவரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிற தெற்கத்திக் குடும்பத்துப் பெண். சடையங்குப்பம் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வேலை. அந்தப் பள்ளிக்கூடத்தில் லேப் என்பது ஒரு இரும்பு பீரோ. மழைக்கு வகுப்புக்குள் தண்ணீர் வந்தபோது பீரோவின் கீழ்ப்பாதி மூழ்கி, அதில் இருந்ததெல்லாம் துரு ஏறிவிட்டது. மேல்தட்டில் மிஞ்சியது ஒரு பூதக்கண்ணாடியும் ஒரு காந்தமும். அதை வைத்துக்கொண்டுதான் பிள்ளைகளுக்கு உலகத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில் ஒரு அறிவியல் சங்கத்தார் நம் பக்கத்து டீச்சர்களுக்கு ராக்கெட் பயிற்சி வைத்தார்கள். பயிற்சி முடிந்ததும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பெட்டி. டீச்சரே வீட்டில் ராக்கெட்டைக் கட்டிக்கொண்டு வர வேண்டும். எண்ணூர்ப் பக்கம் ஒரு மைதானத்தில், அனுமதி வாங்கி, அவர்களே மோட்டார் கொண்டுவந்து விட வைப்பார்கள். மேலே போன ராக்கெட் பாராசூட் விரித்து உடையாமல் இறங்கினால், அந்தப் பள்ளிக்கூடத்தில் ராக்கெட் மன்றம் தொடங்கக் கருவிகள், பெட்டிகள், பீரோ உட்பட எல்லாம் கிடைக்கும். உடைந்தால் கிடையாது. ஒரு பள்ளிக்கு ஒரே ஒரு தடவை.

"பிள்ளைங்ககிட்ட கண்டிப்பா வரும்னு சொல்லிட்டேன் மாமா" என்றாள் மருமகள். "இல்லைன்னு போய் எப்படி நிக்கிறது? அதுங்களுக்கு ஏற்கெனவே எல்லாத்துலயும் இல்லைதான்."

இதுதான் விஷயம். ராக்கெட் விளையாட்டு என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்கவும்.

பெட்டி வீட்டுக்கு வந்த அன்றைக்கே முதல் அடி விழுந்தது. மருமகள் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறாள். திருவொற்றியூரில் ஒரு அம்மாள் கூடையோடு ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார். டிரைவர் பிரேக் போட்டார். கூடை பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டது. மற்றதெல்லாம் பிழைத்தது, குழாய் மட்டும் அப்பளம்.

அவள் அழவில்லை. அந்தக் குணம் எனக்குப் பிடிக்கும். அட்டையைச் சுருட்டி நாமே குழாய் செய்யலாம் என்றாள். ஒரு பைப்பின் மேல் காகிதத்தைப் பசை தடவிச் சுற்றி, காய்ந்ததும் பைப்பை உருவிவிட்டால் குழாய்.

"மாமா, இந்த மூடியோட கழுத்துதான் குழாய்க்குள்ள போகும், அதே பருமன்ல உங்ககிட்ட பைப்பு இருக்கா?"

"பைப்புக்கா பஞ்சம்? பட்டறையில உன்ன அடக்கம் பண்ற அளவுக்கு பைப்பு கீதும்மா" என்று சொல்லி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

அளந்து பார்த்துவிட்டு, "ஒரு நூல் அளவு பெரிசா இருக்கே" என்றாள்.

"காயிதம் தானே. காஞ்சா இறுகிக்கும்" என்றேன்.

காய்ந்தது, இறுகவில்லை. காகிதம் இறுகாது என்பது டீச்சருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் படித்ததே மூன்றாவது.

ஆக, அண்ணனுக்குத் தைத்த சட்டையைத் தம்பி போட்ட மாதிரி ஆகிவிட்டது. குழாய்க்குள் மோட்டாரைத் தாங்குகிற வளையங்கள் ஆடின. பழகிப் பார்ப்பதற்காக அவர்கள் கொடுத்திருந்த காலி மோட்டார்க் கூடு ஆடியது. மூக்கை வைத்துத் தலைகீழாகப் பிடித்தால் 'தொப்' என்று கீழே விழுந்து, கட்டிலுக்கு அடியில் ஓடிப் போனது. என் மனைவி துடைப்பத்தால் அதை வெளியே தள்ளினாள்.

"இன்னாம்மா இது, மூக்கறுந்த ராக்கெட்டு" என்றாள்.

மருமகள் சாப்பாட்டு மேஜையில் எல்லாவற்றையும் பரப்பி உட்கார்ந்தாள். நான் எதிரே உட்கார்ந்தேன். லூஸ் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கை பரபரக்கும். வாழ்நாள் முழுக்க லூஸோடு சண்டை போட்டு ஜெயித்தவன்.

"எல்லாத்தையும் எட்த்துக்கினு வா பட்டறைக்கு. ஒரே இறுக்கா இறுக்கி குடுத்துர்றேன்."

"எல்லா லூசும் ஒரே லூசு இல்ல மாமா" என்றாள்.

இந்த வார்த்தையை அவள் சொன்னாள் என்பதையும் எழுதிவிடுகிறேன். நியாயம் நியாயம்தான். வளையங்கள் குழாயோடு ஜென்மத்துக்கும் ஒட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு அவள் காகிதத்தைக் கீற்றாக நறுக்கி, வளையத்தின் விளிம்பில் பசையோடு சுற்றிச் சுற்றிப் பருமனாக்கி, குழாய்க்குள் தள்ளி, மேலும் கீழும் விரலால் பசை இழுத்துவிட்டாள். இறக்கைகளின் காலடியிலும் அப்படியே ஒரு பசைக் கரை கட்டினாள். சுவரும் தரையும் சேருகிற மூலையில் கொத்தனார் சிமெண்ட் இழுப்பாரே, அது மாதிரி. மோட்டார் வேறு ரகம். அது கழன்று வர வேண்டும், ஆனால் பறக்கும்போது பின்னால் நழுவிவிடக் கூடாது. கட்டைவிரலால் அழுத்தினால்தான் உள்ளே போகிற அளவுக்குக் கூட்டின் மேல் பேப்பர் டேப் சுற்றினாள்.

"மூக்கு?" என்றேன்.

"அதுதான் கஷ்டம். தலைகீழாப் பிடிச்சா விழக் கூடாது. லேசா உதறினா விழணும். லூசா இருந்தா போகும்போதே காத்துல கழண்டுடும். டைட்டா இருந்தா பாராசூட் வெளிய வராது, ஈட்டி மாதிரி வந்து தரையில குத்தும்."

"விழவும் கூடாது, விழவும் வேணும். இது இன்னா பேஜாரு" என்றேன்.

"யோவ், உன்ன கட்டிக்கினு நான் குடித்தனம் பண்ணல? அது மாதிரிதான்" என்றாள் என் மனைவி, அடுப்படியிலிருந்து.

ஆனால் சொன்னதும் எனக்குப் பிடிபட்டுவிட்டது. ஏன் என்றால், இதையேதான் நான் படகில் செய்கிறேன். இன்ஜினிலிருந்து விசிறிக்குப் போகிற ஷாஃப்ட் படகின் உடம்பைத் துளைத்துக்கொண்டு தண்ணீருக்குள் போகும். அந்தத் துளையில் கிரீஸ் தோய்த்த பருத்திக் கயிற்றை வளையம் வளையமாக அடைத்து நெருக்குவோம். கிளாண்டு என்போம். தளர விட்டால் கடல் உள்ளே வரும். ரொம்ப நெருக்கினால் ஷாஃப்ட் சூடேறித் தேய்ந்துவிடும். அதனால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கசிகிற மாதிரி விட வேண்டும். கசியவும் வேண்டும், ஒழுகவும் கூடாது. எத்தனை பேர் படகை இந்தக் கையால் அப்படி விட்டிருக்கிறேன். அதை வாய்விட்டுச் சொன்னேன். மருமகள் தலையை ஆட்டிவிட்டு, மூக்கின் கழுத்தில் பேப்பர் டேப்பையே சுற்றினாள்.

சுற்றினாள், பதமாகவும் வந்தது. ஆனால் எங்கள் தெருவில் கடற்காற்று என்று ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் ஆணி அடிக்காமல் ஒட்டிய எதுவும் மறுநாள் இருக்காது. காலையில் பார்த்தால் டேப்பின் ஓரம் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது. அவள் உரித்துவிட்டுப் புதிதாகச் சுற்றினாள். மறுபடியும் நாக்கு. ராக்கெட் விடுவதற்கு முதல் நாளும் அதே கதை. அன்றைக்கு அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம்.

அவள் போனதும் நான் டேப்பை உரித்துப் போட்டேன். கிளாண்டுக்குக் கயிறு எதுவோ, மூக்குக்கு நூல் அது. நல்ல பருத்தி நூலாக எடுத்து, மூக்கின் கழுத்தில் நெருக்கமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், வரிவரியாகச் சுற்றினேன். நூலின் முனையை வெட்டவில்லை. மிச்ச வாலை ஒரு முடிச்சில் அடக்கி, மூக்கின் உள்பள்ளத்தில் செருகி வைத்தேன். இந்த வாலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறது.

மருமகள் வந்து பார்த்தாள். முகம் சுருங்கியது.

"டேப்பு எங்க மாமா?"

"அது கலீஜா தொங்கிக்கினு இருந்துச்சு, எட்த்து போட்டேன். தலைகீழா புடி."

பிடித்தாள். விழவில்லை. லேசாக உதறினாள். விழுந்தது. இன்னொரு தரம் செய்தாள். விழவில்லை, விழுந்தது. ராக்கெட்டை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போகும்போது, "அழகாத்தான் சுத்தியிருக்கீங்க" என்றாள். என் மனைவி சாட்சி. அந்த வார்த்தையைப் பின்னால் யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை, நான் வைத்திருக்கிறேன்.

விடிந்ததும் மூன்று பேரும் ஆட்டோவில் போனோம். மருமகள் மடியில் ராக்கெட், இந்தத் தடவை இரண்டு பக்கமும் நானும் என் மனைவியும் அரணாக உட்கார்ந்தோம். மைதானத்தில் புல்லெல்லாம் ஈரம். கடலிலிருந்து காற்று பிசுபிசுவென்று வந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் வேலிக்கருவேல மரங்கள், தூரத்தில் புகைபோக்கிகள். டீச்சர்கள் ஆளுக்கொரு ராக்கெட்டைக் கைக்குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

சங்கத்துத் தம்பி ஒருவர், தொப்பி போட்டவர், வரிசையில் வந்து ஒவ்வொரு ராக்கெட்டையும் சோதித்தார். எங்களுடையதை வாங்கித் தலைகீழாகப் பிடித்தார். மூக்கு விழவில்லை. உதறினார். விழவில்லை. பலமாக உதறினார். அப்போதும் இல்லை. விரலால் பிடித்து இழுத்தார். தண்ணீர்க் கேன் மூடியைத் திறக்கிற மாதிரி முறுக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது, 'டப்' என்று ஒரு சத்தம் வேறு.

"இது ரொம்ப டைட் மேடம். சரி பண்ணுங்க, இல்லைன்னா ஏத்த முடியாது" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போனார்.

ராத்திரி முழுக்கக் கடற்காற்று குடித்து நூல் ஊதிவிட்டது. படகில் அதுதான் எங்களுக்கு வேண்டும். பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை அடிப்பதே, தண்ணீரில் இறங்கியதும் அது ஊதி இடுக்கை அடைக்க வேண்டும் என்பதற்காகத்தான். நூல் அதன் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தது. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மருமகள் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"மாமா, உள்ள குண்டே வெச்சாலும் இது கழலாது."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, முன்னால் ஒரு பள்ளிக்கூடத்து ராக்கெட் சீறிக்கொண்டு போனது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். உச்சிக்குப் போனது, திரும்பியது. மேலே சின்னதாக ஒரு புகை. மூக்கு கழலவில்லை. அப்படியே தலைகீழாக வந்து தரையில் குத்தி, குழாய் மடங்கி நின்றது. அந்த டீச்சர், நரைத்த தலைக்காரர், மெதுவாக நடந்து போய் அதைப் பிடுங்கி எடுத்து, மண்ணைத் தட்டிவிட்டு, யாரையும் பார்க்காமல் ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"எங்க பிள்ளைங்க கேட்டுட்டே இருப்பாங்க" என்றாள் மருமகள். அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "பேசாம டேப்பே சுத்தியிருக்கலாம்."

பக்கத்து டீச்சர் ஒருவரிடம் டேப் இருந்தது, கொடுத்தார். நூலை வெட்டிவிட்டு முதலிலிருந்து சுற்றலாம் என்று அவள் ஆரம்பித்தாள். நான் மூக்கைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

"இரும்மா. கரையில இறுக்குனது கரைக்குத்தான். தண்ணில எறங்கி மறுக்கா பாக்காத கிளாண்டு ஏது? எந்த மெக்கானிக்கும் படகோட ஒரு தபா போவான், போய் அங்க வச்சுதான் சரி பண்ணுவான். நான் வந்துகீறேன் இல்ல?"

இது சமாதானம் சொல்ல நான் கட்டிய பேச்சு இல்லை, எங்கள் வேலையின் வழக்கமே அதுதான். புதிதாகக் கிளாண்டு அடைத்த படகில் மெக்கானிக் ஏறாமல் எந்த டிரைவரும் கடலுக்கு எடுக்க மாட்டார். ராக்கெட்டில் ஏற முடியாது. அதனால் மைதானம் வரை வந்திருந்தேன்.

நூலின் வாலை வெளியே எடுத்து, ஒரு சுற்று கழற்றினேன். மருமகள் குழாயில் வைத்து உதறிப் பார்த்தாள். இல்லை. இன்னொரு சுற்று. இல்லை. டேப் என்றால் முழுசாகக் கிழித்துவிட்டு முதலிலிருந்து வர வேண்டும். நூல் என்றால் ஒவ்வொரு சுற்றாகக் கேட்டுக் கேட்டு இறங்கலாம். இதை அவளிடம் சொன்னேன். "சரி மாமா, கழட்டுங்க" என்றாள். கழற்றக் கழற்ற மூக்கு இறங்கியது, ஆனால் நூலின் ஈரத்தில் பிசுக்கென்று பிடித்துக்கொண்டது. அளவு சரி, வழுக்கவில்லை.

"கிரீஸ் இர்ந்தா ஒரு சொட்டு போதும்" என்றேன்.

"காகிதம் ஊறிடும் மாமா" என்றாள்.

என் மனைவி அதுவரை ஆட்டோ தூசிக்கு முகம் சரி பண்ணிக்கொண்டிருந்தாள். பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்து நீட்டினாள்.

"இந்தா. கேரம் போர்டுக்குப் போட்டா காய் ஓடுது, இதுக்கு ஓடாதா?"

மருமகள் அத்தையைப் பார்த்தாள். அப்புறம் டப்பாவை வாங்கி, நூலின் மேல் ஒரு தட்டுத் தட்டித் தடவினாள். தலைகீழாகப் பிடித்தாள். நின்றது. உதறினாள். கழன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது. மூன்று பேரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டோம். ராக்கெட் மூக்கில் மல்லிகைப் பூ வாசம்.

கதை அங்கே முடிந்திருந்தால் நான் என் பங்கை இவ்வளவு வற்புறுத்த மாட்டேன். மோட்டார் வாங்கப் போன இடத்தில் நேரம் ஆனது. உண்மையான மோட்டார் காலிக் கூட்டைவிட ஒரு மயிரிழை மெலிசு, அதை மருமகள் பக்கத்து டீச்சரின் டேப்பால் சரி செய்தாள். எந்த இடத்தில் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும், அதில் நான் தலையிடவில்லை. இதற்குள் வெயில் ஏறிவிட்டது. எண்ணூர் வெயில் எப்படி என்று அங்கே நின்றவர்களுக்குத்தான் தெரியும், ஈரச் சட்டை நின்ற நிலையில் காயும். எங்கள் முறை வருவதற்கு முன் நான் சும்மா ஒரு தரம் பிடித்துப் பார்த்தேன். தலைகீழாக்கியதும் மூக்கு தானாக விழுந்தது. காய்ந்த நூல் சுருங்கிவிட்டது.

இப்போது ஒருவரும் கேட்கவில்லை, ஒருவரும் பார்க்கவில்லை. பவுடர் போட்டதுமே தொப்பித் தம்பி பார்த்துச் சரி என்று சொல்லியாயிற்று. நான் பிடித்துப் பார்க்காமல் இருந்திருந்தால், அந்த மூக்கு கிளம்பும்போதே கழன்று, பாராசூட் பாதியில் விரிந்து கிழிந்திருக்கும்.

"மருமகளே, இங்க வா" என்றேன். வாலைப் பிடித்து ஒரு சுற்று ஏற்றினேன். அவள் சோதித்தாள். விழுந்தது. இன்னும் ஒரு சுற்று. நின்றது, உதறியதும் விழுந்தது. வால் மட்டும் வெட்டப்பட்டிருந்தால் அந்த இரண்டு சுற்றுக்கு எங்கே போவது? வாலை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா.

அவள் கையில் பவுடர் டப்பா, என் கையில் நூல் வால். அப்படியே ஏவுகிற இடம் வரை ராக்கெட்டின் இரண்டு பக்கமும் நடந்து போனோம். என் மனைவி பின்னால் வந்து, "பொண்ணு அழைச்சிக்கினு போற மாதிரியே கீது" என்றாள்.

வாலை மறுபடி முடிச்சில் அடக்கி மூக்குக்குள் செருகினேன், அவர்கள் ராக்கெட்டை ஏவுகிற கம்பியில் மாட்டினார்கள். எல்லோரும் தள்ளி நின்றோம். மருமகள் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள். தொப்பித் தம்பி பத்திலிருந்து இறக்கி எண்ணினார். பாதியில் மருமகள் உதடும் சேர்ந்து எண்ணியதைப் பார்த்தேன். அழுத்தினாள்.

போனது. இவ்வளவு நாள் மேஜையில் கிடந்த ஒரு சாமான் இப்படி நிமிர்ந்து போகும் என்று நான் நினைக்கவில்லை. கழுத்து வலிக்கும் வரை பார்த்தேன். மேலே சென்று தயங்கியது. தலை சாய்ந்தது. புகை ஒரு பொட்டு. அந்த நேரத்தில் நான் மாதாவைக் கூப்பிட்டேன் என்று என் மனைவி சொல்கிறாள். நான் நூலைத்தான் கூப்பிட்டேன்.

மூக்கு கழன்றது. ஆரஞ்சு நிறப் பாராசூட் ஒரு முறை சுருண்டு, குலுங்கி, விரிந்தது.

ஆரவாரத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. மருமகள் என் தோளைப் பிடித்திருந்தாள். காற்று ராக்கெட்டை நிதானமாக ஊர்ப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது. வேலிக்கருவேல மரத்தில் போய் உட்கார்ந்தது. முள் என்றதும் மூன்று பேருமே ஓடினோம். முட்டி வலிக்காரன் நான், முதலில் போய்ச் சேர்ந்தது நான்தான். மருமகள் இரண்டாவதாக வந்ததாகவும், தான் எங்களுக்கு முன்பே அங்கே நின்றதாகவும் என் மனைவி சொல்கிறாள். அவள் சொல்வதை எழுதி வைத்தேன், ஏற்கவில்லை.

பாராசூட்டில் முள் குத்திய ஓட்டை ஒன்று. ராக்கெட்டில் ஒரு கீறல்கூட இல்லை. தொப்பித் தம்பி இறக்கைகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். அவள் கட்டிய பசைக் கரை அசையவில்லை. மூக்கை எடுத்து நூலைத் தடவிப் பார்த்தார், மோந்து பார்த்தார்.

"இது என்ன மேடம், வித்தியாசமா இருக்கு?"

"எங்க மாமாவோட ஐடியா" என்றாள் மருமகள்.

இதைத்தான் எல்லோரும் கவனமாகப் படிக்க வேண்டும். 'எங்க மாமாவோட ஐடியா.' மைதானத்தில், சங்கத்தார் முன்னிலையில், அவள் வாயாலேயே சொன்னது.

பீரோ வந்தது, கருவிகள் வந்தன. இந்தத் தடவை பீரோவை உயரமான மேடை கட்டி அதன் மேல் ஏற்றியிருக்கிறார்கள். மேடைக்கு அளவு சொன்னதும் நான்தான், அதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம். பிள்ளைகள் கும்பலாக வந்து ராக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார்களாம். மருமகள் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது இரண்டு வேளைச் சாப்பாட்டை ஒரே வேளையில் சாப்பிட்டாள்.

பிறகுதான் சுவரில் எழுதும் பேச்சு வந்தது. மன்றத்தின் அறை வாசலில் பெரிதாக ஒரு வாசகம், ராக்கெட் படம், கீழே விவரம். எழுத வேண்டியதை மருமகள் எனக்குப் படித்துக் காட்டினாள். முதல் ராக்கெட்டைக் கட்டியவர் என்று அவள் பெயர், பள்ளியின் பெயர், சங்கத்தார்க்கு நன்றி, கடைசியில் 'குடும்பத்தினரின் ஒத்துழைப்புடன்'.

"குடும்பத்தினர்னா யாரு?" என்றேன்.

"நீங்க, அத்தை, எல்லாரும்தான் மாமா."

"எல்லாரும்னா யாரும் இல்லன்னு அர்த்தம்."

அவள் சிரித்தாள். "நீங்க நூல் சுத்தாம இருந்திருந்தா அங்க போய் அந்தப் பிரச்சினையே வந்திருக்காது மாமா."

"உன் டேப்பு இர்ந்திருந்தா மேல போவசொல்லோ நாக்க நீட்டிக்கினு கழண்டிருக்கும்."

"கழண்டிருக்காது."

"கழண்டிருக்கும்."

இந்த வழக்கு இன்னும் முடியவில்லை, முடிய வேண்டிய அவசியமும் இல்லை. டேப் என்ன செய்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. நூல் என்ன செய்தது என்று மைதானம் முழுக்கப் பார்த்தது. அந்த நரைத்த தலை டீச்சரின் ராக்கெட்டுக்கும் நம்முடையதற்கும் குழாயில் வித்தியாசம் இல்லை, இறக்கையில் வித்தியாசம் இல்லை. மூக்கில்தான் வித்தியாசம்.

"அப்டின்னா என் பவுடரையும் எய்து" என்றாள் என் மனைவி. அதற்கு எனக்கு ஆட்சேபணை இல்லை. அடைப்புக்குறிக்குள் எழுதலாம்.

ஆகவே பள்ளிக்கூடத்தாருக்கு என் கோரிக்கை இது. பெயிண்டர் வருகிற சனிக்கிழமை வருகிறார். நான் போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தேன், ராக்கெட் படத்தின் மூக்குக்குப் பக்கத்தில் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. 'மூக்கு பொருத்தியவர்: டீச்சரின் மாமனார், படகு மெக்கானிக்' என்று அங்கே எழுத வேண்டும். சின்ன எழுத்தில் எழுதினாலும் போதும் என்று சொல்கிற பெருந்தன்மை என்னிடம் இல்லை. மற்ற எழுத்து என்ன உயரமோ, அதே உயரம். பெயிண்டருக்குச் சந்தேகம் வந்தால் அளவுகோலை எடுத்துக்கொண்டு நானே வந்து நிற்கிறேன்.